வியாழக்கிழமை விறகு

தாராவி கிராஸ் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற சந்துகளில் மூக்கே வழி சொல்லும். தோல் பை ஒட்டுகிற பசை வாடை முடிந்து, எண்ணெய் வாடை தொடங்குகிற இடத்தில் நயினாரின் முறுக்குப் பட்டறை. பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரே அறை, அதில் இடுப்பு உயரத்துக்குச் செங்கல் அடுப்பு. பின்னால் ஒரு தட்டி மறைப்பு, அதற்குள் குடித்தனம். தலைக்கு மேலே பலகை போட்டு ஒரு மாளா. நாம் பரண் என்பதை இங்கே மாளா என்பார்கள். மாளாவுக்கு மேலே தகரம். தகரத்துக்கு மேலே மும்பை வெயில்.

நயினார் ராதாபுரத்துக்காரர். எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டால் வாயைத் திறக்கமாட்டார். கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் பேசுகிறவன் கையைச் சுட்டுக்கொள்வான் என்பது அவர் கணக்கு. விடிவதற்கு முன்னே உட்கார்ந்தால் மத்தியானம் வரை சட்டி. அதற்குமேல் சைக்கிளில் கடைகளுக்குச் சரக்குப் போடப் போய்விடுவார். வந்தால் சாப்பாடு, தூக்கம். அவர் மனைவி இசக்கிசெல்விக்கு ஒரு நாளில் கிடைக்கிற பேச்சு "உப்பு பத்தல", "மாவு வெடிக்கு", "அந்த மூடியை எங்க" என்ற அளவில் தீர்ந்துபோகும்.

மாவு வெடிப்பதைச் சொல்ல வேண்டும். கைமுறுக்கு சுற்றுவது இசக்கிசெல்வியின் வேலை. பச்சரிசி மாவையும் உளுந்து மாவையும் சீரகம் போட்டுப் பிசைந்து, ஈரத் துணியால் மூடி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து விரலால் முறுக்கி முறுக்கிச் சுற்ற வேண்டும். முன்பெல்லாம் காலையில் பிசைந்த மாவு மத்தியானம் வரை தாங்கும். இப்போது சில வருஷங்களாக, மார்ச் பிறந்துவிட்டால் காலைச் சாப்பாட்டு நேரத்துக்கே தகரம் இறங்கி வந்து தலைமேல் உட்கார்ந்ததுபோல ஒரு அனல். மாவு காய்ந்து, சுற்று பாதியில் அறுந்து போகும். அறுந்ததையும் பொரிக்கலாம், நொறுங்கல் என்று விற்கலாம். நொறுங்கலுக்கு முழு விலை எவன் தருவான்? கூட உட்கார்ந்து சுற்றிய இரண்டு பெண்களும் ஒரு கோடையோடு நின்றுவிட்டார்கள். மாட்டுங்கா ஃப்ளாட்டுகளில் பாத்திரம் தேய்த்தால் தலைக்குமேல் ஃபேனாவது சுற்றும் என்றார்கள். தப்புச் சொல்ல முடியாது. ஆனால் அவர்களோடு அறையில் இருந்த பேச்சும் போய்விட்டது.

ஒரே மகன் வெங்கடேஷ் அம்பர்நாத்தில் கெமிக்கல் கம்பெனியில் இருக்கிறான். மருமகள் வந்தனா மராத்திப் பெண். நல்ல மாதிரிதான். மாமியாரும் மருமகளும் ஹிந்தியில் பேசிக்கொள்வார்கள், அது இரண்டு பேருக்குமே இரவல் பாஷை. இரவல் பாஷையில் நலம் விசாரிக்கலாம், மனசை எப்படிப் பேசுவது?

ஆகவே இசக்கிசெல்விக்கு வியாழக்கிழமைதான் கிழமை. அன்றைக்குத்தான் விறகுக்காரி அக்தர் பானு வருவாள்.

பானு பேர்ணாம்பட்டுக்காரி. புருஷன் தாராவியில் தோல் பதனிடுகிற இடத்தில் வேலை பார்த்தவன். நாற்றம், கழிவுத் தண்ணீர் என்று சொல்லி அந்த வேலைகளையெல்லாம் தேவ்நார் பக்கம் விரட்டியபோது அவனும் போனான். போய்க் கொஞ்ச நாளில் இறந்தும் போனான். பானு ஆண்டாப் ஹில்லில் ஒரு காலி இடத்தை வாடகைக்குப் பிடித்தாள். இடிக்கிற கட்டிடங்களிலிருந்து கதவு, சன்னல், உத்தரம், துறைமுகத்துப் பக்கமிருந்து பெட்டிப் பலகை என்று வாங்கிப் பிளந்து, பேக்கரிகளுக்கும் முறுக்கு அடுப்புகளுக்கும் போட்டாள். பிள்ளை குட்டி கிடையாது. வெள்ளிக்கிழமை கடை அடைப்பு, அதனால் தாராவிச் சரக்கு வியாழன்.

வண்டி வாசலில் நிற்கும். விறகு இறங்கும். பானு ஒரு காலி எண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவாள். இசக்கிசெல்வி டீ தருவாள், ஒரு தட்டில் நொறுங்கல் தருவாள். அப்புறம் பேச்சு. மூட்டுவலி, ரேஷன் கடை, மருமகளின் சமையல், யார் வீட்டில் எந்தப் பெண் யாரோடு போனாள், எல்லாம். இருபது வருஷத்துக்கு மேல் இப்படி. இதில் ஒன்றைக் கவனியுங்கள். இந்த இருபது வருஷத்தில் பானு விறகில்லாமல் ஒரு நாளும் வந்ததில்லை. ரம்ஜானுக்குச் சேமியா கொண்டுவந்தாலும் விறகுக் கட்டின்மேல் தூக்குவாளியை வைத்துத்தான் கொண்டுவருவாள். இசக்கிசெல்வி ஆண்டாப் ஹில்லுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. ஏவாரத்துக்கு வருகிறவளை உட்கார வைக்கலாம், டீ கொடுக்கலாம், சந்தில் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வேலையில்லாமல் ஒரு வீட்டுக்குப் போய் உட்காருவது சொந்தக்காரர்கள் செய்கிற காரியம்.

அப்படி இருக்கும்போதுதான் உத்தரவு வந்தது. பம்பாய்க் காற்று கெட்டுப்போச்சு, விறகும் கரியும் எரிக்கிற அடுப்பெல்லாம் கேஸுக்கோ கரண்டுக்கோ மாறணும், மாறாவிட்டால் சீல். பேக்கரிக்காரர்கள் கூட்டம் போட்டார்கள், தவணை கேட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக மாறினார்கள்.

வெங்கடேஷ் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து பேசினான்.

"எப்பா, இது நல்லதுக்குத்தான். ஒங்க இருமலைக் கேட்டா பக்கத்து வீட்டு ஆளு எந்திரிச்சு ஒக்காருதான். எங்க கம்பெனி சிம்னில மெஷினே வெச்சிருக்கான். எவ்வளவு புகை போவுதுன்னு நேரா ஆபீசுக்குக் கணக்குப் போயிரும்."

"கணக்குப் போவுது. புகை எங்க போவுது?" என்றார் நயினார்.

"அரே, அப்படி இல்லப்பா."

"எப்படி இல்ல? அம்பர்நாத்துல வண்டி நின்னா மூக்கைப் பொத்திக்கிட்டு எறங்குதோம். அது அவனுக்கு உறுத்தல. எம் முறுக்குப் புகைதான் கண்ணுல விழுந்து உறுத்துது."

"ரெண்டும் தப்புதான். நம்மது நம்ம கையில இருக்கு. பர்னருக்கு நான் லோன் போடுதேன்."

நயினார் இருமினார். அந்த இருமலே சம்மதம் மாதிரி ஆகிவிட்டது.

குழாய் கேஸ் அந்தச் சந்துக்குள் வராது. சிலிண்டர்தான். பழைய செங்கல் அடுப்பை இடிக்க மனமில்லாமல், இடிக்கக் கூலியும் தண்டம் என்று, அதற்குள்ளேயே பர்னரை இறக்கி வைத்தார்கள். முதல் வாரம் முறுக்கெல்லாம் நடுவில் கறுத்து, ஓரத்தில் வெளுத்தது. விறகுத் தீ சட்டியைச் சுற்றி அணைத்துக்கொள்ளும், கேஸ் தீ நடுவில் குத்தும். நயினார் நின்றபடி கரண்டியால் சுழற்றிச் சுழற்றி அதையும் பழகிக்கொண்டார். சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் முறுக்கின் சுற்று ஒன்று குறைந்தது. ஆனால் ஒன்று உண்மை. இருமல் குறைந்தது. சுவரில் விளக்கு வெளிச்சம் பட்டால் புகை மறைக்காமல் சுவர் தெரிந்தது.

பர்னர் வைத்த வாரம் வியாழக்கிழமை வந்தது. வண்டிச் சத்தம் கேட்டதும் இசக்கிசெல்வி டீக்குத் தண்ணீர் வைத்தாள். சொல்லிவிட வேண்டும், இனி வேண்டாங்கா என்று. இரண்டு சொல்தானே. நயினார் சரக்குப் போடப் போயிருந்தார்.

பானு வழக்கம்போலத் தகரத்தைக் கவிழ்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். பர்னரைப் பார்த்தாள்.

"இன்னா செல்வி, நீயும் மாத்திட்டியா?"

இசக்கிசெல்வி டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

"மூலை பேக்கரி போச்சு. லேபர் கேம்ப்ல ரெண்டு பேக்கரியும் போயிடுச்சு. இன்னிக்குக் காலைல சயன்ல ஒருத்தன் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிட்டான்" என்றாள் பானு. சொல்லும்போது சிரித்தாள். "மொதல்ல தோலு நாறுதுன்னு சொல்லி எம் புருஷனைத் தொரத்துனாங்க. இப்ப விறகு பொகையுதுன்றாங்க. இனிமே நான் மூச்சு வுடறது ஒண்ணுதான் பாக்கி. அதுக்கும் ஒரு மிசின் வெப்பாங்க."

இசக்கிசெல்விக்கு வாயில் இருந்த சொல் திரும்பிக்கொண்டது.

"இது ஆபீசருக்குக் காட்டத்தாங்கா" என்றாள். "பகலுக்கு கேஸ். விடியக்காலம் விறகுதான். யாரு பாக்கப் போறா? முழு வண்டி வேண்டாம். வாரத்துக்கு ஒரு கட்டு போட்டாப் போதும்."

"சச்சியா, நெசமாவா?"

"ஆமாக்கா. கேஸ்ல பொரிச்சா ருசி இல்லைன்னு கடைக்காரன் சொல்லுதான்."

ஒரு பொய்க்குத் துணையாக இன்னொரு பொய். பானு நொறுங்கலை வாயில் போட்டுக் கடித்தாள். அந்த முறுக்கு கேஸில் பொரித்தது. "அதான பாத்தேன்" என்றாள், "விறகு ருசி நாக்குல நிக்குதே."

அன்றிலிருந்து வாரம் ஒரு கட்டு. இசக்கிசெல்வி நொறுங்கல் விற்ற காசில் வாங்கி, ஏணி வைத்து ஏறி, மாளாவில் அடுக்கினாள். முதலில் நயினார் கண்டுகொள்ளவில்லை. மாளா பாதி நிறைந்த பிறகு ஒரு நாள் அண்ணாந்து பார்த்தார்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா? எரிக்காத விறகை எதுக்கு வாங்கி அடுக்குத?"

"இருக்கட்டும். சிலிண்டர் வராத நாளுக்கு."

"சிலிண்டர் வராத நாளுக்கு இவ்வளவா? இது ஒரு கல்யாணத்துக்கு ஆவுமே."

"ஒரேயடியா வேண்டாம்னு எப்படிங்க சொல்ல? நம்ம வீடு ஒண்ணுதான் இருக்கு அவளுக்கு."

"அவளுக்கா?" என்றார் நயினார். அவர் பேசாத மனிதர், ஆனால் பார்க்காத மனிதர் இல்லை. "கீழே கேஸு, மேல காஞ்ச விறகு. ஒரு பொறி போதும்ட்டி. தீவாளிக்குள்ள சொல்லிரு" என்றார்.

"சொல்லுதேன்."

சொல்லவில்லை. ஏப்ரலிலேயே ஒரு தடவை சொல்ல நினைத்தவள்தான். அன்றைக்குப் பானு வியர்வையில் நனைந்து, முகம் சிவந்து வந்தாள். இழுக்கிற ஆள் வைத்து முழு வண்டி கொண்டுவந்தவள், இப்போது ஒற்றைக் கட்டை ஒரு சின்னத் தள்ளுவண்டியில் வைத்து சயன் வழியாகத் தானே தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். வந்ததும் தண்ணீர் கேட்டாள், டீ வேண்டாம் என்றாள். அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? மே மாதம் மழை ஜூனுக்குக் காத்திருக்காமல் வந்து கொட்டியது. சந்தில் முழங்கால் தண்ணீர். பிசைந்த மாவோடு ஒரு வாரம் வீணாயிற்று. பானு வரமாட்டாள் என்று நினைத்தால், நீலத் தார்ப்பாயைப் போர்த்திய கட்டோடு வந்து நின்றாள். "நனைஞ்சிருக்கு, காய வெச்சு எரி" என்றாள். அன்றைக்கும் எப்படிச் சொல்வது?

அவர்கள் பேச்சில் ஒரு புது விஷயமும் சேர்ந்திருந்தது. விடியக்கால அடுப்பு. "தேக்கு எப்படி எரியுது?" என்று பானு கேட்பாள். "நின்னு எரியுதுக்கா." "மாமரம்?" "கொஞ்சம் பொகையுது." இல்லாத அடுப்பில் இல்லாத தீயை இசக்கிசெல்வி ஒவ்வொரு வியாழனும் எரித்துக் காட்டினாள்.

பானுவுக்கு அதில் ஒரு பெருமை. அந்தப் பெருமையை எங்கே போய்ச் சொல்வாள்? மூலை பேக்கரியில் ஒரு நாள் பாவ் ரொட்டி வாங்கும்போது அங்கிருந்த முதலாளியிடம் சொல்லியிருக்கிறாள். "நீ பயந்துக்கினு மாத்திட்டே. முறுக்குக்காரம்மா வீட்ல பாரு, விடியக்காலம் இன்னும் என் விறகுதான் எரியுது. ருசி தெரிஞ்சவங்க."

அந்த ஆள் கடன் வாங்கி கரண்ட் அடுப்பு போட்டவன். கரண்ட் பில்லைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்துகொண்டிருந்தவன். நான் மட்டும் ஏமாளியா என்று நினைத்திருப்பான். வார்டு ஆபீசில் ஒரு சொல் போட்டுவிட்டான்.

தீபாவளிக்கு முந்தைய வியாழக்கிழமை. அக்டோபர் வெயில் மும்பையில் எப்படியென்று உங்களில் இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், மழை துடைத்துவிட்ட வானத்திலிருந்து நேராக இறங்கும். ஆர்டர் குவிந்திருந்ததால் நயினார் மத்தியானத்திலும் சட்டி முன்னால் இருந்தார். பானு வண்டியை வாசலில் நிறுத்தி, கட்டை இறக்கி, தகரத்தில் உட்கார்ந்து முதல் வாய் டீ குடித்தாள். அப்போது வார்டு ஆபீசிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கழுத்தில் கார்டு மாட்டியவர் நடுவில்.

வாசலில் கிடந்த விறகுக் கட்டைக் காலால் தொட்டு, இது என்ன என்று கேட்டார். "யே க்யா ஹை?"

அவர் உள்ளே வந்தார். அடுப்பைக் குனிந்து பார்த்தார். பழைய அடுப்பு, பழைய கரி. விரலால் தடவிக் காட்டினார். பிறகு அண்ணாந்தார். கூட வந்த ஒருவன் ஏணியை வைத்து ஏறி, தொங்கிய சாக்கை விலக்கிவிட்டு இறங்கினான்.

மாளா நிறைய விறகு.

"சாப், எரிக்கிறதில்ல" என்றார் நயினார் ஹிந்தியில். கரண்டியால் சிலிண்டர் பக்கம் காட்டினார். "கேஸ்தான். பாருங்க, ரெண்டு சிலிண்டர். கசம் சே, சத்தியமா. விறகு சும்மா கெடக்கு."

அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. கேட்டதும் நியாயமான கேள்விதான். "எரிக்காத விறகை யாராவது வாங்குவாங்களா? வாசல்ல புது மால் இறங்கியிருக்கு. வாங்கி என்ன பண்றீங்க, பூஜை பண்றீங்களா?"

நயினார் மனைவியைப் பார்த்தார். சொல்லு என்று அந்தப் பார்வை சொன்னது. சொன்னால் போதும். பானு மனசு நோகக்கூடாது என்று வாங்கினேன், ஒரு குச்சிகூட எரிக்கவில்லை. சொல்லாவிட்டால் சீல். தீபாவளிச் சரக்கு உள்ளேயே கிடந்து போகும், வெங்கடேஷின் லோன் நிற்கும், அடுத்த வருஷம் கடைக்காரன் வேறு பட்டறையைப் பார்த்துக்கொள்வான். இசக்கிசெல்வி வாயைத் திறந்தாள். கைக்கெட்டும் தூரத்தில் பானு டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தாள். வாய் மூடிக்கொண்டது.

பானு எழுந்தாள். கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு ஏணியில் இரண்டு படி ஏறினாள். மாளாவை எட்டிப் பார்த்தாள்.

எல்லாம் வந்த வரிசையில் இருந்தன. அடியில் மாட்டுங்காவில் இடித்த பழைய வீட்டின் தேக்குச் சன்னல் சட்டம். அதற்குமேல் ஏப்ரலில் வெயிலில் தள்ளிக்கொண்டு வந்த பள்ளிக்கூட பெஞ்சுப் பலகை. மழையில் நனைந்த பெட்டிப் பலகை, அதில் வெள்ளையாகப் பூஞ்சணம். கட்டியது கட்டியபடி, பானு போட்ட முடிச்சு அவிழாமல். முடிச்சுக்கு முடிச்சு ஒட்டடை.

நயினார் கேஸை அணைத்துவிட்டார். எண்ணெய் அடங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பானு இறங்கினாள். "சாப்" என்றாள். "அது இவங்க மால் இல்ல. என்னோட மால். ஆண்டாப் ஹில்ல என் இடத்துல தண்ணி ஏறிடும். மழைக்கு நனையாம இருக்கணும்னு இங்க கொண்டாந்து போட்டேன். இவங்க எடம் குடுத்தாங்க, அவ்ளோதான். வேணும்னா முடிச்சைப் பாருங்க. எரிக்கிறவங்க முடிச்சை அவுக்காம எரிப்பாங்களா?"

கூட வந்தவன் மறுபடி ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தான். "தூசி படிஞ்சு கிடக்கு, சாப்."

அதிகாரி யோசித்தார். பட்டறைக்கு எச்சரிக்கை, பழைய அடுப்பை இடித்துவிட வேண்டும். விறகு பறிமுதல். வாசலில் நின்ற தள்ளுவண்டியும் பறிமுதல். அபராதம் அக்தர் பானு பெயரில். பெயரைக் கேட்டார், பானு எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

மாலை வரை விறகு இறங்கியது. பானு கூடவே நின்று ஒவ்வொரு கட்டையும் வாங்கி வெளியே கொடுத்தாள். இசக்கிசெல்வி கை நீட்டினால் அவளைத் தாண்டிக் கொடுத்தாள். ஒரு தடவைகூட முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்ததும் முக்காட்டைச் சரி செய்துகொண்டு, வண்டியில்லாத கையோடு சந்தில் நடந்தாள்.

"பானுக்கா" என்றாள் இசக்கிசெல்வி.

நின்றாள், திரும்பவில்லை. "ஒரு குச்சியாவது எரிச்சிருக்கலாம் செல்வி" என்றாள். போய்விட்டாள்.

தீபாவளிச் சரக்கு விற்றுப் போயிற்று. நல்ல ஏவாரம். செங்கல் அடுப்பை இடித்து, இரும்பு ஸ்டாண்டு போட்டார்கள், அறை பெரிதாகத் தெரிந்தது. வெங்கடேஷும் வந்தனாவும் வந்து, "அச்சா லக்தா ஹை, மம்மி" என்று மெச்சிவிட்டுப் போனார்கள். வியாழக்கிழமை வந்தது, போயிற்று. அடுத்ததும் வந்தது. சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் நயினார் ஒரு நாள், "போய்ப் பாத்துட்டு வாயேன்" என்றார்.

"என்னத்தைச் சொல்லிட்டுப் போக?"

அவர் அடுத்த முறுக்கைச் சட்டியில் போட்டார். எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது.

போனாள். முறுக்கைப் பொட்டலம் கட்டினாள், பிறகு பிரித்துத் தகர டின்னிலேயே போட்டுவிட்டாள். எதைக் கொண்டுபோனாலும் கூலி கொடுப்பதுபோல இருக்கும் என்று பட்டது. வெறுங்கையோடு பஸ் ஏறினாள். ஆண்டாப் ஹில்லில் இறங்கி, ஒரு தமிழ்க் கடையில் விறகு பானு இடம் எது என்று கேட்டாள்.

"விறகா? அது மழைக்கு முன்னாலயே மூடியாச்சே" என்றான் கடைக்காரன். "இப்ப அங்க பேட்டரி ரிக்‌ஷாவுக்குச் சார்ஜ் போடுதாங்க. அந்தம்மா பின்னால ரூம்ல இருக்கு."

மழைக்கு முன்னாலயே என்றால்? இசக்கிசெல்வி மனசுக்குள் மாதங்களை எண்ணிப் பார்த்தபடி நடந்தாள். வேலியிட்ட இடத்தில் ரிக்‌ஷாக்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர். சத்தமும் இல்லை, புகையும் இல்லை. அவற்றைச் சுற்றிப் பின்னால் போனால் ஒரு சின்ன அறை. வாசல்படியில் பானு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புது ஜீன்ஸ் குவியல். தையலில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலையெல்லாம் கத்திரிக்கிற வேலை.

பானு நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா வேணும்?" என்றாள், கடைக்கு வந்தவளைக் கேட்பதுபோல.

"ஒண்ணும் வேண்டாம்க்கா."

"ஒண்ணும் வேணாம்னா எதுக்கு வந்தே?"

இசக்கிசெல்வி படியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பானு அடுத்த ஜீன்ஸை எடுத்தாள்.

"இடத்தை மழைக்கு முன்னாடியே விட்டுட்டியளாமே?"

"ம்."

"அப்போ எனக்குக் கொண்டுவந்த விறகு?"

"பொறுக்கினேன். இடிக்கிற எடத்துக்குப் போயி, வாட்ச்மேனைக் கெஞ்சி. சில வாரம் வேற ஆள்கிட்ட வாங்கினேன்."

"அதுல ஒங்களுக்கு என்ன மிஞ்சும்?"

"இன்னா மிஞ்சும்? ஒண்ணும் மிஞ்சாது." பானு ஒரு நூலை இழுத்து வெட்டினாள். "உன் அடுப்பு எரியணுமேன்னு இல்ல. வியாழக்கிழம வரணுமே. வெறுங்கையா வந்து உன் வாசல்ல நின்னா, உன் வூட்டுக்காரர் இன்னா நெனப்பாரு, சந்துல இன்னா பேசுவாங்க?"

இசக்கிசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் வந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். வரவில்லை. வந்திருந்தால் நல்லது, அழுது முடித்துவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

"நானும் அதுக்குத்தாங்கா வாங்கினேன்."

"தெரியுது. இப்பத் தெரியுது." பானுவின் குரல் இளகவில்லை. "ஆனா நான் உனக்கு எரியற பொருள் தரேன்னு நெனச்சுக்கினு இருந்தேன் செல்வி. வெயில்ல தள்ளும்போதெல்லாம் அதைத்தான் நெனச்சுக்குவேன், இது ஒரு அடுப்புல எரியுதுன்னு. நீ அதை எடுத்து வெச்சுட்டே. இனிமே வராதே. நமக்குள்ள ஏவாரம் இருந்துச்சு, அது முடிஞ்சிடுச்சு. இப்ப நீ வந்தா விருந்தாளி. விருந்தாளிய இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியாது."

"சரிக்கா" என்றாள் இசக்கிசெல்வி.

சொன்னாளே தவிர எழுந்திருக்கவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சார்ஜ் ஏறிய ரிக்‌ஷா ஒன்று சத்தமில்லாமல் நகர்ந்து வெளியே போனது, இன்னொன்று அந்த இடத்தில் வந்து நின்றது. பானு வேலையை நிறுத்தவில்லை. கண் சரியாகத் தெரியாமல் துணியை முகத்தருகே கொண்டுபோய் நூலைத் தேடினாள்.

இசக்கிசெல்வி குவியலிலிருந்து ஒரு ஜீன்ஸை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மாவு சுற்றிப் பழகிய விரல், தையலோரம் நூலைச் சட்டென்று கண்டுபிடித்தது.

"கத்திரி ஒண்ணுதான் இருக்கு" என்றாள் பானு.

"பல்லு இருக்குல்லாக்கா."

பானு சிரிக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை. வெட்டிய நூலெல்லாம் இருவருக்கும் நடுவே படியில் விழுந்துகொண்டிருந்தது.